எழுநூறு ரூபாய் டெஸ்ட்

கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பில்லை வரி வரியாகப் படிப்பதுதான் பிழைப்பு. எங்கள் வீட்டுக் கணக்கில் நான் விட்ட பிழையை ஆபீசில் யாராவது விட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 2019 ஆரம்பத்திலிருந்து 2021 கடைசி வரை, குழந்தை வேண்டும் என்று என் மனைவிக்குச் செய்த பரிசோதனை, மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,86,000 ரூபாய். எனக்குச் செய்த ஆஸ்பத்திரிச் செலவு பூஜ்யம். எனக்கு எடுக்க வேண்டியிருந்த ஒரே டெஸ்ட்டின் விலை 700 ரூபாய். அதை மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன்.

கல்யாணம் 2016-இல். எனக்கு 29, அவளுக்கு 25. அவள் பி.எட். முடிக்கட்டும் என்று இரண்டு வருஷம் விட்டோம். 2018 கடைசியில், சரி, இனிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். ஆறு மாதம்கூட ஆகவில்லை, "ஏதும் விசேஷமுங்களா?" ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்க உறவு வேண்டியதில்லை. கீரை விற்கும் அம்மா கேட்பார், கேஸ் சிலிண்டர் போடுபவர் கேட்பார். கேட்பதெல்லாம் அவளிடம்தான். என்னிடம் ஒருத்தர் கேட்டதில்லை.

அம்மா திருக்கருகாவூர் போய், கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் வாங்கி வந்தார். 48 நாள் ராத்திரி சாப்பிட வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சாப்பிடச் சொல்லித்தான் அங்கே கொடுக்கிறார்கள். நான் கொழுப்பு ஏறும், ஜிம்முக்குப் போகிறேன் என்று தட்டிக் கழித்தேன். அவள் மட்டும் சாப்பிட்டாள். சாமிகூட இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறது, நான்தான் போகவில்லை.

பிறகு டாக்டர். ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். லெட்ரோசோல் என்ற மாத்திரை, மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள். அவள் அந்தப் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு அழுதாள். மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று வந்திருக்கிறது. அது உண்மைதான், ஆனால் கருமுட்டை வளரவும் அதே மருந்து உதவும். இந்தியாவில் 2011-இல் குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று தடையே போட்டார்கள், 2017-இல் நீக்கினார்கள். இடையில் 2014-இல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. பழைய குளோமிஃபின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம். ஆக டாக்டர் எழுதியது சரியான மருந்து. சரியான மருந்தைத்தான் அவள் ஏழு மாதம் சாப்பிட்டாள், விந்தணுவே இல்லாத ஒருத்தனோடு குடும்பம் நடத்திக்கொண்டு.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது முறை போனபோதே சீட்டில் 'கணவருக்கு செமன் அனாலிசிஸ்', அதாவது விந்துப் பரிசோதனை, என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன். கடைசியில் பர்ஸ் மாற்றும்போது கையில் வந்தது, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் "ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டால் "அடுத்த வாரம்" என்று அவளே எனக்காகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவோ, "எம் பையனுக்கு என்ன குறை, ஆளப் பாருங்க" என்பார். ஆளைப் பார்த்தால் குறை தெரியாது. அப்போது எனக்குப் புஜம் 15 அங்குலம்.

2020-இல் அவளுக்குக் குழாய் டெஸ்ட் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. வெளியே வந்தவள் நேரே நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வலிக்குதா?" என்றேன். "இல்லீங்க மாமா, கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கு" என்றாள். இந்தச் சோதனைக்கு முன்னாலேயே கணவனின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அதில் வலி இல்லை, பெரிய செலவு இல்லை, பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. வலிக்கிற டெஸ்ட்டை முதலில் செய்துவிட்டு வலிக்காததைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது மட்டும் இல்லை என்று பிற்பாடு காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

அதே காலத்தில் ஒரு செய்தி படித்தேன். உலகம் முழுக்க ஆண்களின் விந்தணு குறைந்துகொண்டே வருகிறதாம். இஸ்ரேலைச் சேர்ந்த ஹகாய் லெவின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு. 1973 முதல் 2011 வரை, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆண்களிடம் விந்தணு அடர்த்தி பாதிக்கு மேல் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டிருந்தார்கள். பிற்பாடு 2022-இல் ஆசியா, ஆப்பிரிக்காவையும் சேர்த்துப் பார்த்து அங்கேயும் இதே போக்கு என்றார்கள். பழைய காலத்தில் எண்ணிய முறையும் இன்றைய முறையும் ஒன்றா என்று இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் எனக்கு அப்போது தேவைப்படவில்லை. பிளாஸ்டிக், பூச்சிமருந்து, சாயப்பட்டறைத் தண்ணி என்று வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏதாவது கோளாறு என்றாலும் அது உலகத்தின் கோளாறு.

கடைசியில் அவள் ஓர் அக்காவின் பேச்சைக் கேட்டு வேறொரு பெண் டாக்டரிடம் போனாள். அந்தம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் வராம நான் ஒரு மாத்திரை எழுத மாட்டேன்" என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். 2022 பிப்ரவரி. இனி ஒளிய இடம் இல்லை.

லேபில் தனியறை கிடையாது, பொதுக் கழிப்பறைதான். முடியாது என்று வீட்டிலிருந்தே எடுத்து வருவதாகச் சொன்னேன். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்தார்கள். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேல் போகாமலும் உறவு இல்லாமல் இருக்க வேண்டும், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும், குளிர விடக் கூடாது, டப்பாவைச் சட்டைப் பையில் போடாமல் பனியனுக்குள் வயிற்றோடு ஒட்டி வைக்க வேண்டும், சொட்டு வெளியே போயிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் முதல் சொட்டில்தான் அணுக்கள் அதிகம். காலை ஆறரை மணிக்கு, ஜவகர் பஜார் வழியாக, ஒரு கையால் ஹேண்டில் பாரும் ஒரு கையால் வயிறுமாக வண்டி ஓட்டிப் போனேன். வழியில் ஆபீஸ் டிரைவர் பார்த்துவிட்டு "வயித்து வலிங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'நில்' என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம், என்பது குறைந்தபட்ச அளவு. 5 மில்லியன் என்றால் குறைவு என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். பூஜ்யத்துக்கு நான் தயாராக இல்லை. ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடி. இந்த முறை மாதிரியைச் சுழற்றி, அடியில் படிந்ததையும் நுண்ணோக்கியில் தேடினார்கள். மறுபடியும் நில். இதற்கு அஜூஸ்பெர்மியா என்று பெயர். நூறு ஆண்களில் ஒருத்தருக்கு இருக்கிறதாம்.

அடுத்து ஒரு கருத்தரிப்பு மையம். பெயர் வேண்டாம். உள்ளே போன இருபதாவது நிமிஷம், என்னை ஒரு டாக்டரும் தொட்டுப் பார்க்காமல், ஒரு குழாய் ரத்தம் எடுக்காமல், வழுவழு தாளில் 'பேக்கேஜ்' ஒன்று கையில் வந்தது. விதையிலிருந்து ஊசி மூலம் விந்தணு எடுப்பது, இக்சி, கருப்பை உட்சுவரைச் சுரண்டுவது, கருவின் குரோமோசோம் சோதனை, எனக்கு மூன்று மாத ஆன்டி-ஆக்ஸிடன்ட், மொத்தம் 2,90,000 ரூபாய், இந்த மாதத்துக்குள் கட்டினால் 2,60,000. தள்ளுபடியைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். சரக்கு என்னவென்று பார்க்காமலே கொட்டேஷன் கொடுக்கிற பார்ட்டியிடம் நாங்கள் ஆபீசில் வாங்குவதில்லை.

கோயம்புத்தூரில் ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் சிறுநீரக மருத்துவர் ஒருவரைத் தேடிப் போனோம். அறுபது வயசுக்காரர். பேச்சைக் குறைத்து, திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னார். மேஜை டிராயரிலிருந்து ஒரு மணிக்கோவையை எடுத்தார். ருத்திராட்ச மாலை மாதிரி, ஆனால் மணி ஒவ்வொன்றும் ஓர் அளவு. வேர்க்கடலை போல ஆரம்பித்துக் கோழிமுட்டைக்குக் கொஞ்சம் சின்னதாக முடிகிறது. 12 மணி. ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டிருக்கிறது, 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை. விதையை ஒரு கையாலும் மணியை ஒரு கையாலும் தடவி எது பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு 15-க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 10 என்ற மணியில் அவர் விரல் நின்றது.

மேஜைக்கு வந்தோம். கையில் ரத்த ரிப்போர்ட். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஜிம்ல ஏதாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"பவுடர்?"

"புரோட்டீன் மட்டும்."

அவர் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மேஜையைப் பார்த்தபடி, சத்தம் வராத குரலில் சொன்னாள். "வண்டி டேங்க் கவர்ல எண்ணெ மாதிரி ஒரு குட்டி பாட்டில் இருக்குமே மாமா, அதச் சொல்லுங்க."

அந்தக் கணக்கு இப்படி. 2018-இல் சர்க்கரை எல்லையைத் தொட்டதால் ஜிம்மில் சேர்ந்தேன். நல்ல விஷயம்தான். 2019 ஜனவரியில் ட்ரெய்னர், "டெஸ்ட் போடுங்கண்ணா, ஆம்பளைக்கு உள்ள ஊர்றதுதானே, வெளிய இருந்து கொஞ்சம் சேத்துக்கிறோம், அவ்ளோதான்" என்றான். டெஸ்ட் என்றால் டெஸ்டோஸ்டிரோன். வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 250 மில்லிகிராம். ஊரடங்கில் ஜிம் மூடியபோதுகூட விடவில்லை, ஒரு பையன் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தான். ஆண்மை கூடும் என்று நம்பித்தான் போட்டேன். ஆசை கூடியது, தாடி அடர்ந்தது, கண்ணாடி முன்னால் நிற்க நன்றாக இருந்தது. அவள் அந்த பாட்டிலைப் பார்த்து ஏதோ வைட்டமின் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் என் பாஷையில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதுதான் தலைமை ஆபீஸ். அங்கிருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்கள் விதைக்கு ஆர்டராகப் போகும். ஒன்று டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கச் சொல்லும், இன்னொன்று விந்தணு வளரக் கைகொடுக்கும். விந்தணு உருவாக விதைக்கு உள்ளே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அது அங்கேயே ஊற வேண்டும், வெளியிலிருந்து ஊற்றி நிரப்ப முடியாது. ஊசி போட்டால் ரத்தத்தில் சரக்கு நிறைந்துவிடும். குடோன் நிறைந்திருக்கிறது, ஆர்டர் வேண்டாம் என்று தலைமை ஆபீஸ் நிறுத்திவிடும். தறி ஓடாது. என் ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கம், எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் ஏறக்குறைய பூஜ்யம். விதையே கெட்டுப்போயிருந்தால் எஃப்.எஸ்.எச். ஏறியிருக்கும், வழியில் அடைப்பு என்றால் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். ஆக, அவர் கேள்வி கேட்கும் முன்பே பதில் அவர் கையில் இருந்திருக்கிறது. பேக்கேஜ் கொடுத்த இடத்தில் எடுக்காமல் விட்டது இந்த ரத்தத்தைத்தான். எடுத்திருந்தால் ஊசி குத்தி விந்தணு தேடும் யோசனையே வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கம். நான் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட அதே மருந்தை உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகப் பரிசோதித்திருக்கிறது. 1990-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 7 நாடுகளில் 271 ஆண்கள், வாரம் 200 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குள் 157 பேருக்கு விந்தணு முழுவதுமாக நின்றுவிட்டது. அப்படி நின்றவர்கள் வேறு தடுப்பு இல்லாமல் ஒரு வருஷம் குடும்பம் நடத்தியதில் உண்டானது ஒரே ஒரு கர்ப்பம். நான் போட்டது வாரம் 500. ஒரு பக்கம் அவள் கருமுட்டை வளர மாத்திரை சாப்பிட, மறுபக்கம் நான் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொல்லச் சொன்னது அவள்தான். "எம் பேர்ல மூணு வருஷம் ஓடுச்சுல்ல, இனி உங்க பேர்ல ஓடட்டும்" என்றாள். சொன்னேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு மட்டும் தனியாக ஆப்பம் சுட்டுக் கொடுத்துவிட்டு, "சாப்பிடு சாமி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஊசியை நிறுத்தியாயிற்று. நிறுத்தினால் மறுமாதமே சரியாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரு விந்தணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல் பிடிக்கும், அது பயணப்பட்டு வெளியே வர இன்னும் சில நாள். அதனால்தான் எந்த மாற்றத்துக்கும் மூன்று மாதம் கழித்து டெஸ்ட் என்கிறார்கள். முதல் மூன்று மாதம் நரகம். வெளிச் சரக்கு நின்றுவிட்டது, உள் உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. காலையில் எழுந்திருக்க மனசு வராது. ஆசை அற்றுப்போனது. ஆபீசில் ஒரு கூட்டலை மூன்று முறை போட்டேன். புஜம் வற்றியது, பழைய சட்டை பொருந்தியது. இந்தக் கட்டத்தில்தான் பலர் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்குப் போகிறார்களாம். டாக்டர் எனக்கு எச்.சி.ஜி. ஊசி சில மாதம் கொடுத்தார், அது எல்.எச். மாதிரியே விதையை எழுப்பும். இது எல்லாருக்கும் ஒத்துவராது, ஊசியை நிறுத்திய பிறகு சாப்பிட என்று ஜிம்மில் 'பி.சி.டி.' பெயரில் கட்டிக் கொடுக்கும் மாத்திரையை நம்பி இறங்க வேண்டாம்.

எத்தனை நாளில் திரும்பும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண் கருத்தடை ஆய்வுகள் 30-ஐ, மொத்தம் 1549 ஆண்களின் விவரத்தை, ஒன்றுசேர்த்து 2006-இல் லான்செட்டில் போட்டார்கள். மருந்தை நிறுத்திய பிறகு விந்தணு 20 மில்லியனைத் தொட ஆறு மாதத்தில் 67 சதவீத வாய்ப்பு, ஒரு வருஷத்தில் 90, இரண்டு வருஷத்துக்குள் 100. படித்ததும் துள்ளினேன். டாக்டர் கையமர்த்தினார். அவர்களெல்லாம் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆரோக்கியமான ஆண்கள், அளவான டோஸ், சுத்தமான மருந்து. என் பாட்டிலில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஜிம்காரர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றார்.

மூன்றாம் மாதம் நில். ஆறாம் மாதம் நுண்ணோக்கியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. அந்த ரிப்போர்ட்டை நாங்கள் இருவரும் லேப் வாசலிலேயே நின்று மூன்று தடவை படித்தோம். பத்தாம் மாதம் 9 மில்லியன். பதினாலாம் மாதம் 14, அதற்கு மேல் ஏறவில்லை. அசைவும் குறைவு. இதற்கிடையில் அவளுக்கு 32 ஆகிவிட்டது. என் மூன்று வருஷ ஊசியும் ஒரு வருஷக் காத்திருப்பும் அவள் வயதிலிருந்துதான் கழிந்தன. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த ஊசியும் இல்லை.

விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. இரண்டு முறை, இரண்டும் தவறின. பிறகு முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கும் ஐ.வி.எஃப். என்று முடிவானது. இந்த முறை நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் கேள்வி கேட்பாள், நான் எழுதுவேன். முதலில் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021 சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்கிறதா, பதிவெண் என்ன என்று பார்த்தோம். அப்புறம் வெற்றி விகிதம். ஓரிடத்தில் "70 சதவீதம்" என்றார்கள். "எது எழுபதுங்க? கையில குழந்தையோட வீட்டுக்குப் போனவங்களா?" என்று அவள் கேட்டாள். கவுன்சிலர் பெண் தயங்கி, பீட்டா பாசிட்டிவ் என்றார். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் தெரிந்தாலே வெற்றி என்று எழுதிக்கொள்கிறார்கள். அதில் எத்தனை இதயத்துடிப்பு வரை போனது, எத்தனை பிரசவம் வரை போனது, அவள் வயதுக்காரர்களில் எத்தனை என்று கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. பதில் சொன்ன இடத்தில் எண் அதில் பாதிகூட இல்லை. அங்கேதான் சேர்ந்தோம்.

பழைய பேக்கேஜ் தாளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலில் குறித்தேன். கருப்பை உட்சுவரைச் சுரண்டுவது: 2003-இல் இஸ்ரேலில் நடந்த சிறு ஆய்வில் கர்ப்பம் இரட்டிப்பானது என்றதும் உலகம் முழுக்கப் பரவியது. 2019-இல் நியூசிலாந்துக் குழு 1364 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது. சுரண்டியவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம், சுரண்டாதவர்களில் 26.1 சதவீதம். புள்ளிகூட மாறவில்லை. சுரண்டியதால் கிடைத்தது வலி மட்டும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று ஆண்களுக்குக் கொடுக்கும் ஜிங்க், ஃபோலிக் ஆசிட்: அமெரிக்காவில் 2370 தம்பதிகள், 2020-இல் முடிவு வந்தது. சாப்பிட்டவர்கள் வீட்டில் 34 சதவீதம் குழந்தை, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் வீட்டில் 35. அதிகமானது வயிற்றுக் கோளாறுதான். (பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சாப்பிடும் ஃபோலிக் ஆசிட் வேறு விஷயம், அது குழந்தையின் முதுகுத்தண்டுக்கு. அதை நிறுத்திவிடாதீர்கள்.) குரோமோசோம் சோதனை: சீனாவில் 1212 பெண்கள், 2021. 37 வயதுக்குள், குறைந்தது மூன்று நல்ல கரு உள்ளவர்கள். சோதித்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 77.2 சதவீதம், சோதிக்காமலே கருவை வைத்தவர்களில் 81.8. வயது கூடியவர்களுக்கும், தொடர்ந்து கலைகிறவர்களுக்கும், குடும்பத்தில் மரபணு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் வேறு கணக்குச் சொல்லலாம். எங்களுக்கு வேண்டாம் என்று எங்கள் டாக்டரே சொன்னார்.

இக்சியை மட்டும் அடிக்கவில்லை. ஒரே ஒரு விந்தணுவை எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் இதன் முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள், என்னைப் போன்றவர்களுக்காகத்தான் உண்டானது. விந்தணு சரியாக இருப்பவர்களுக்கு இதனால் கூடுதல் பலன் இல்லை என்று 2021-இல் வியட்நாமில் 1064 தம்பதிகளிடம் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு அசைவு குறைவு, ஆகவே அந்த வரிக்குப் பணம் கட்டினோம். எல்லாவற்றையும் மறுக்க வேண்டும் என்பதில்லை. இது எனக்கு எதற்கு என்று கேட்டால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த எண்களை எல்லாம் டாக்டர் முன்னால் அடுக்கிச் சண்டை போடவும் வேண்டாம். நாங்கள் தாளை நீட்டி, "இதுல எங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றோம். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பதினொரு முட்டை, ஆறு கரு. புதிதாக வைத்த முதல் கரு ஒட்டவில்லை. அந்த ரிசல்ட் வந்த நாள் அவள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள், முடித்துவிட்டுத்தான் வந்தாள். மூன்று மாதம் கழித்து உறைய வைத்திருந்ததில் ஒன்று. அது நின்றது. மகளுக்கு இப்போது எட்டு மாதம். இன்னும் நாலு கரு பாக்கி இருக்கிறது, சட்டப்படி பத்து வருஷம் வரை வைத்திருக்கலாம். வருஷா வருஷம் அதற்கான பில் வருகிறது, நான் வரி வரியாகப் படித்துவிட்டுக் கட்டுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பேக்கிங் பிரிவில் ஒரு பையன், 25 வயது. தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. என்னுடைய பழைய போட்டோ ஒன்றை யாரோ குரூப்பில் போட, நேராக என் மேஜைக்கு வந்து, "அண்ணா, அப்போ என்ன போட்டீங்க? எங்க ஜிம்ல ஒண்ணு தர்றாங்க, நாலு மாசமா போடுறேன், உங்க அளவுக்கு வரலைங்கண்ணா" என்றான். உட்காரச் சொன்னேன். எனக்கும் அவனுக்கும் டீ வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், மணிக்கோவை உட்பட. அவன் டீயைத் தொடவில்லை.

வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்கு லேப். டப்பாவை வாங்கிக் கொடுத்துவிட்டேன். சட்டைப் பையில் போடாதே, பனியனுக்குள் வயிற்றோடு வை, வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.